தொட்டிற் கணக்கு



இத்திங்கள் இப்பகுதியில் வேறொரு பொருள் பற்றி எழுத எண்ணியிருந்தோம். அதற்குள் கரமனையிலிருந்து ஒரு தாயார் எழுதிய மடல் வந்தது. படித்தபின் மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டோம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் தம் மகனையும் சேர்த்து ஏழே பிள்ளைகள் இருப்பதாகவும், தாம் சிறுமியாய் அதே வகுப்பிற் பயின்ற காலத்தில் கூடத்தில் இடம் போதாமல் திண்ணையில் அமர்ந்ததாகவும் அவ்வம்மையார் எழுதியிருக்கிறார். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு நடப்பது அவர் செவிக்கும் எட்டியிருக்கிறது. (நம் சங்கத்தில் எந்தப் பேச்சுத்தான் கரமனைக்கு எட்டாமல் இருந்தது!) அதே வாரத்தில், ஆப்பிரிக்காக் கண்டத்தில் குழந்தைகளின் தொகை நூறு கோடியை நெருங்கப்போகிறது, உலகம் அதனை எப்படித் தாங்கும் என்று செய்தித்தாளில் ஒரு கட்டுரையும் படித்தாராம். இங்கே பிள்ளை இல்லை என்பது ஒரு கவலை, அங்கே பிள்ளை பெருகுகிறது என்பது ஒரு கவலை, இவற்றுள் எந்தக் கவலையைத் தாம் படுவது என்பது அவர் வினா.

இவ்வினாவிற்கு விடை தேடித் தம்பானூர் சென்றோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நாகர்கோயிலிலிருந்து வரும் உறவினர் ஒருவரை எதிர்கொண்டழைக்கச் சென்றோம். மடல் சட்டைப்பையில் இருந்தது. பேருந்து தாமதம். தம்பானூரிற் காத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு புறம் புகைவண்டி நிலையம், எதிர்ப்புறம் பேருந்து நிலையம், அதனருகே லாரி பேக்கர் செங்கல்லாற் சுழற்றிச் சுழற்றிக் கட்டிய காப்பிக்கடை. எங்கு நின்றாலும் மனிதரைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிக்கலாம். 1918-இல் கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை சாக்கையோடு நின்றது; 1931-இலேதான் அது தம்பானூரை அடைந்தது. அதற்குப் பின் வண்டியேறி இவ்வூருக்குப் பிழைக்க வந்த தமிழர், சாலைக் கடைத்தெருவிற்குப் போனவராயினும், வலியசாலைக்கோ கரமனைக்கோ போனவராயினும், இவ்விடத்தில்தான் கால் ஊன்றினர். தகரப்பெட்டி ஒன்று, படுக்கைச் சுருள் ஒன்று, கூசாவில் தண்ணீர், தாயின் முந்தானையைப் பற்றியபடி நான்கைந்து பிள்ளைகள். இது நம் முந்தின தலைமுறையினர் வந்திறங்கிய காட்சி.

அன்று நாம் கண்ட காட்சி வேறு. அசாமின் சில்சார் நகரிலிருந்து வரும் அரோணை விரைவுவண்டி வந்து நின்றது. தோளில் ஒரு பையும் கையில் ஒரு தொலைபேசியுமாக இளைஞர் கூட்டம் இறங்கிற்று. அவ்வளவு பேரும் உழைக்கும் வயதினர். அவர்களை எதிர்கொண்டவர்களும் இளைஞரே. குழந்தைகளை எண்ணிப் பார்த்தோம்; ஒரு கை விரல்கள் போதுமாயின. காத்திருக்கும் இருக்கைகளில் அமர்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் நம் வயதை ஒத்தவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மக்களைக் காணப் போகும் மூத்தோர்.

இனி அம்மையார் படித்த ஆப்பிரிக்காக் கணக்கைப் பார்ப்போம். 1950-இல் அக்கண்டம் முழுவதிலும் வாழ்ந்தவர் ஏறத்தாழ 23 கோடிப் பேர். மறு ஆண்டில் எடுத்த குடிக்கணக்கில் நம் இந்தியா ஒன்றில் மட்டும் 36 கோடி. இன்று ஆப்பிரிக்கா 150 கோடியைத் தாண்டி நம்மையும் மிஞ்சிவிட்டது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெப் 2014-இல் இது குறித்து ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன்படி 2015-இல் ஆப்பிரிக்க மக்களில் நூற்றுக்கு 47 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர். தொகை 54 கோடிக்கு மேல். 2050-ஐ ஒட்டி அது நூறு கோடியை நெருங்கும். 1950-ஐ ஒட்டிய காலத்தில் உலகக் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று ஆப்பிரிக்கக் குழந்தை. இப்போது நான்கில் ஒன்று. இந்நூற்றாண்டின் நடுவில் ஐந்தில் இரண்டு. ஒரு கண்டத்தின் தொட்டில்கள் நூறாண்டுக்குள் இவ்வளவு பெருகியது மனித வரலாற்றிலேயே இல்லை என்கிறார்கள், இருக்கலாம்.

இதைப் படிப்போர் மனத்தில் உடனே எழும் எண்ணம், அந்நாட்டுத் தாய்மார் முன்னைவிட மிகுதியாகப் பெறுகிறார்கள் என்பது. உண்மை அதற்கு நேர்மாறு. அறுபது ஆண்டுகட்கு முன்னே ஓர் ஆப்பிரிக்கத் தாய்க்குச் சராசரி ஆறு பேற்றிற்கு மேல் இருந்தது. இன்று நான்கு அளவில் நிற்கிறது. பேறு குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகளோ பெருகிக்கொண்டே வருகின்றனர். ஆண்டுதோறும் அக்கண்டத்திற் பிறக்கும் மகவுகள் 1950-இல் ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. இன்று நான்கரைக் கோடி அளவில் உள்ளன. இது எப்படி என்று திகைக்க வேண்டுவதில்லை. நம் ஒவ்வோர் இல்லத்திலும் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

பாட்டி எட்டுப் பெற்றாள், வளர்ந்தவை நான்கு. மற்ற நான்கைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆடி மாதத்தில் ஒருநாள், ஐப்பசியில் ஒருநாள், காரணமின்றி அடுக்களையில் அமைதியாக இருப்பாள், அவ்வளவே. அம்மா ஆறு பெற்றாள், ஆறும் வளர்ந்தன. பாட்டியைவிட அம்மா பெற்றது இரண்டு குறைவு. சாப்பாட்டிற்கு வைத்த தட்டோ இரண்டு மிகுதி. ஊரார் பார்த்து, இந்தக் காலத்துப் பெண்கள் இப்படிப் பெறுகிறார்களே என்றனர். அவள் பெற்றதனால் வீடு நிறையவில்லை. எமன் வாயிலோடு திரும்பியதனால் நிறைந்தது. பிறகு அந்த ஆறு பேரும் தலைக்கு இரண்டு பெற்றுப் பன்னிரண்டு பேரப்பிள்ளைகளை அம்மாவின் மடியில் இட்டனர். ஒருவருக்கு இரண்டே என்றாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான். ஆப்பிரிக்காவின் தொட்டிற் கணக்கு இதற்குமேல் ஒன்றுமில்லை. இனித் தாயாகப் போகும் பெண்மக்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டனர். நாளையே ஒவ்வொருத்தியும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும், சில பத்தாண்டுகள் வரையில் தொகை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த மண்ணில் அது நடந்த கதையைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை.

திருவிதாங்கூரில் 1875-இலேயே முறையான குடிக்கணக்கு எடுத்தனர். ஆனால் அதற்கும் முன்பே, 1817-இல், அரசி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். 1879-இல் அரசாங்க ஊழியர்க்கும் மாணவர்க்கும் சிறையிலிருப்போர்க்கும் அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. மாணவரையும் சிறைவாசிகளையும் ஒரே ஆணையில் சேர்த்தது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். தப்பியோட முடியாதவர் இவர்களே என்று எண்ணினர் போலும். பின்னர் வந்தது பெண் மருத்துவர் காலம். மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் தம்பானூருக்கு அண்மையிலுள்ள தைக்காட்டு மகப்பேறு மருத்துவமனையிற் பணியாற்றி, 1938-இல் நாட்டின் மருத்துவத் துறைக்கே தலைவரானார். தாய் ஒருத்தி பேறுகாலத்தில் மருத்துவமனைக்குப் போவது மானக்கேடு என்றிருந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் அவர் முதல்வர்.

சாவு அப்போதும் எளிதில் விலகவில்லை. அரண்மனையும் அதற்கு விலக்கன்று. அவிட்டம் திருநாள் என்னும் இளவரசர் 1944-இல் ஆறு வயதில் இறந்தார். இன்று மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை என்று நம் தாய்மார் அனைவரும் அறிந்த மருத்துவமனை அச்சிறுவன் பெயரால் எழுந்ததே. நம் சங்கத்து இளைஞருட் பாதிப்பேர் பிறந்த இடம் அது. பெயரின் பொருளை அறிந்தவர் சிலர்.

1950-களில் கேரளத்தில் பிறந்த ஆயிரம் மகவுகளில் நூற்றுக்கு மேற்பட்டவை முதல் ஆண்டு நிறையுமுன்னே மடிந்தன. 2020-இல் அவ்வாறு மடிந்தவை ஆயிரத்தில் 6. அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் 28. இந்த இறக்கம் தொடங்கியவுடன் நம் மண்ணிலும் பிள்ளைகள் பெருகினர். 1951-இல் 135 இலட்சமாக இருந்த கேரள மக்கள்தொகை 1971-இல் 213 இலட்சமாயிற்று. 1961-க்கும் 1971-க்கும் இடையே நூற்றுக்கு 26 வீதம் வளர்ச்சி. பள்ளிகளில் இடம் போதவில்லை. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று ஷிப்டு முறையிற் பாடம் நடந்ததை நம்மிற் பலர் நினைவு வைத்திருப்பர். இலங்கையிலும் இப்படியே. 1946-இல் மலேரியாக் கொசுவிற்கு மருந்தடித்தனர்; ஆயிரத்திற்கு 20 ஆயிருந்த ஆண்டிறப்பு மறு ஆண்டிலேயே 14 ஆகிவிட்டது. பிழைத்தவர்களிற் பலர் குழந்தைகள்.

அந்நாளில் உலகம் நம்மைப் பற்றி என்ன பேசிற்று? இன்று ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவதையே பேசிற்று. 1968-இல் அமெரிக்கப் பேராசிரியர் பால் எர்லிக் எழுதிய நூல் ஒன்று, மக்கட்பெருக்கத்தால் உலகம் பட்டினியில் மடியும் என்று அச்சுறுத்தி இலட்சக்கணக்கில் விற்றது. தில்லித் தெருவொன்றில் வாடகை வண்டியிற் போகையில் கண்ட கூட்டத்தைக் கொண்டு அந்நூல் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்திற் சிறுவராய் நின்றவர்கள் பின்னர்த் தாமும் பெற்றோராயினர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று தலைக்கு இருவர் அளவில் நிற்கின்றனர். வண்டியின் கண்ணாடி வழியே பார்த்தவர்க்குக் கூட்டம் தெரிந்தது; கூட்டத்தினுள் இருந்த தாயின் மனம் தெரியவில்லை.

அந்த மனம் மாறிய வரலாற்றிற் பாதி இவ்வூரிலேயே எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையென்று நினையாதீர்கள். 1935 டிசம்பரில் அனைத்திந்திய மாதர் மாநாடு திருவனந்தபுரத்திற் கூடியது. தலைமை தாங்கியவர் மகாராணி சேது பார்வதி பாய். கருத்தடை இயக்கத்திற்கு உலகெங்கும் பெயர்பெற்ற மார்கரெட் சாங்கர் அம்மையார் அம்மாநாட்டிற்கு வந்திருந்தார். கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம், எதிர்ப்பையும் மீறி, நிறைவேறியது. பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டுமென்று எழுதிவந்த காலமும் அதுவே. ஆனால் தீர்மானத்தினால் எந்தத் தாயும் இரண்டோடு நிறுத்தவில்லை. 1971 ஜூலையில் எறணாகுளத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே திங்களில் 63,000 ஆடவர்க்கு மேல் அறுவை செய்துகொண்டனர், பணமும் பரிசும் தந்தனர், உலகமே வியந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976–77 ஓராண்டில் நாடெங்கும் 80 இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு அறுவை நடந்தது. வடக்கே பல இடங்களிற் கட்டாயத்தினால். விளைவு, குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே அங்கு மக்கள் நெடுநாள் வெறுத்தனர். முகாமும் பரிசும் மிரட்டலும் இல்லாமலே பேறு குறைந்த இடங்கள் பல. மகள் பத்தாம் வகுப்புவரை படித்த வீடுகளிற் குறைந்தது. பிறந்த மகவு பிழைக்கும் என்று தாய் நம்பிய வீடுகளிற் குறைந்தது. கேரளத்தில் 1980-களின் இறுதியிலேயே பேறு தாய்க்கு இரண்டு அளவிற்கு வந்துவிட்டது. தமிழ்நாடு சில ஆண்டுகளிற் பின்தொடர்ந்து, இப்போது முந்திக்கொண்டது: 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளம் 1.5, தமிழ்நாடு 1.4.

வளர்ந்த வேகத்திலேயே தொட்டில்கள் குறையவும் தொடங்கின. ஆறு வயதிற்குட்பட்ட கேரளக் குழந்தைகள் 2001-இல் ஏறத்தாழ 38 இலட்சம். 2011-இல் 35 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. பத்தனம்திட்டை, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களில் மொத்த மக்கள்தொகையே அப்பத்தாண்டிற் சுருங்கிற்று. 2023-இல் கேரளத்திற் பிறந்த மகவுகள் நான்கு இலட்சத்தை எட்டவில்லை. மலையாள அரசாங்க வழக்கில் இப்போது ஒரு சொல் உலவுகிறது: ‘அனாதாயகரம்’. பிள்ளைகள் குறைந்து, நடத்தினால் ஆதாயமில்லை என்று கணக்கிடப்பட்ட பள்ளிக்கு அப்பெயர். பள்ளிக்கூடத்தை மளிகைக்கடை போல் ஆதாயம், நட்டம் என்று பேசுவது நமக்கு உவப்பாயில்லை. ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. கோழிக்கோட்டில் மலாப்பறம்புப் பள்ளியை 2016-இல் மூட முயன்றபோது ஊரார் திரண்டு தடுத்தனர். இறுதியில் அரசே அதனை ஏற்றது.

ஆப்பிரிக்காவும் இவ்வழியே வருமா? வந்துகொண்டிருக்கிறது, ஒரே சீராக அன்று. அக்கண்டத்தைச் சேர்ந்த நாடொன்றில் முன்னரே முழுவதும் நடந்தும் முடிந்தது. அது நமக்கு அயலான நாடும் அன்று. பணத்தாளில் தமிழெழுத்து அச்சிடும் மொரிசியசு. போருக்குப் பின் மலேரியாவை ஒழித்தவுடன் அத்தீவிற் குழந்தைகள் பிழைக்கலாயினர். மக்கள்தொகை கிடுகிடுவென்று ஏறிற்று. பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட் தலைமையில் ஆராய்ந்த குழுவினர் 1961-இல், இச்சிறு தீவு இத்தனை பேரைச் சுமக்க முடியாது என்று இருண்ட சித்திரம் தீட்டினர். அப்போது தாய்க்கு ஆறாக இருந்த பேறு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. சிறுமியர் பள்ளிக்குப் போயினர். கரும்புத் தோட்டக் குடும்பங்களிலும் மகவு தங்கிற்று. ஆலோசனை கூறும் நிலையங்கள் வந்தன. இந்துக்களும் முகமதியரும் கத்தோலிக்கரும் தத்தம் வழியில் அப்பணியைச் செய்தனர். இன்று அங்கே பேறு ஒன்றரைக்கும் கீழ். அறிஞர்கள் அஞ்சிய தீவு, இப்போது முதியோரைப் பேண ஆளின்றிக் கவலைப்படுகிறது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் 2016-ஆம் ஆண்டு ஆய்வின்படி பேறு தாய்க்கு இரண்டிற்குக் கீழேதான். அதே நாட்டின் சிற்றூர்களிலோ அதைப்போல் இரு மடங்கிற்கும் மேல். ஆப்பிரிக்கா என்று ஒரே சொல்லாற் கூறுகிறோம். அச்சொல்லுக்குள் ஐம்பதிற்கு மேற்பட்ட நாடுகள் உள்ளன.

எத்தியோப்பியா என்றதும் ஒரு செய்தி. 1950-களிலும் 60-களிலும் அந்நாட்டுப் பள்ளிகளிற் கற்பித்த வெளிநாட்டாசிரியருள் இந்தியர் மிகுதி. அவருள்ளும் கேரளத்தார் மிகுதி. இங்கே ஷிப்டு முறையில் இடநெருக்கடிப்பட்ட வகுப்புகளில் பயின்றவர்களும் பயிற்றுவித்தவர்களும் கப்பலேறிப் போய், இடநெருக்கடிப்பட்ட வேறு வகுப்புகளில் நின்று பாடம் சொன்னார்கள். அவ்வாறு போய்த் திரும்பிய முதியவர் ஒருவர் நம் தெருவிலும் இருந்தார். பையன்கள் எப்படி என்று கேட்டால், நம் பையன்களைப் போலத்தான், கணக்கு என்றால் ஓடுவார்கள் என்பார்.

ஆகவே, அம்மையாரின் முதல் வினாவிற்கு நம் விடை: அக்கண்டத்திற் பிள்ளைகள் பெருகுவது குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத்தக்கது வேறு. சகாராவிற்குத் தெற்கே 1990-இல் ஆயிரத்திற்கு 180 அளவிற் குழந்தைகள் ஐந்து வயதிற்குள் இறந்தன. 2022-இல் அது 71 அளவிற்கு இறங்கியிருக்கிறது. பெரிய வெற்றிதான். எனினும் உலகில் ஐந்து வயதிற்குள் இறக்கும் குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் அந்நிலப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே இன்னும் நம் பாட்டிமார் இருக்கிறார்கள், நான்கைப் பற்றிப் பேசாமல். அவர்களுக்கு இரண்டு போதும் என்று உபதேசம் செய்பவர், அந்த இரண்டும் தங்கும் என்று உறுதி கூற வல்லவராக இருத்தல் வேண்டும். எத்தியோப்பியா 2003 முதல் முப்பதினாயிரத்திற்கு மேற்பட்ட பெண்களைப் பயிற்றிச் சிற்றூர்தோறும் சுகாதாரப் பணிக்கு அமர்த்தியது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் மலேரியாத் தடுப்பு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் ஏற்றது. 2024 முதல் அது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இடப்படுகிறது. இத்தகைய செய்திகளை நம் செய்தித்தாள்கள் ஒரு மூலையிற் போட்டுவிட்டு, நூறு கோடி என்பதைக் கொட்டை எழுத்திற் போடுகின்றன.

இனி இரண்டாவது வினா. நம் ஏழு பிள்ளைகள். இதில் நமக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

செயற்குழுவின் வாதம் எளிது. நம் உறுப்பினர் இல்லங்களிற் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். இருக்கும் ஒன்றிரண்டும் வளர்ந்து வெளியூர் செல்கின்றன. கேரளம் முழுவதும் இதே நிலை. ஆதலின் வகுப்பு ‘அனாதாயகரம்’. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். தலையசைத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தம்பானூரில் நின்ற அந்த மாலையில் ஒன்று உறைத்தது. கேரளத்திற் பிள்ளைகள் குறைந்தனர் என்பது மெய். ஆனால் பிள்ளைகள் இல்லாத இடத்தை உழைப்போர் வந்து நிரப்புகின்றனர். பிற மாநிலத் தொழிலாளர் 25 இலட்சம் பேர் கேரளத்தில் இருப்பதாக 2013-இலேயே இங்குள்ள குலாட்டி ஆய்வு நிறுவனம் கணித்தது. தனியே வருபவர் சில ஆண்டிற் குடும்பத்தோடு வருவர். நம் பாட்டனாரும் முதலில் தனியே வந்தவர்தாம். எறணாகுளம் மாவட்டத்தில் இந்தியும் வங்கமும் ஒரியமும் பேசும் பிள்ளைகளுக்காக ‘ரோஷ்னி’ என்ற பெயரில் 2017 முதல் தனிக் கற்பித்தல் நடக்கிறது. அவர்களது மொழி தெரிந்தவர்களையே வகுப்பிற்கு அமர்த்துகின்றனர். அங்கே எவரும் பிள்ளை இல்லை என்று சொல்லவில்லை. எங்கே என்று தேடிப்போயினர்.

உறவினரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாட் காலையில் வகுப்பாசிரியையையும் அழைத்துக்கொண்டு தம்பானூரிலிருந்து சாலைக்குப் போகும் வழியிலுள்ள சந்து ஒன்றிற்குள் நுழைந்தோம். கால்மணி நேரம் சென்றிருக்கும். வாழைத்தார் இறக்குபவரின் வீட்டில் இருவர். பூத்தொடுக்கும் அம்மாளின் வீட்டில் பேத்திகள் மூவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தையல் தைப்பவரின் மக்கள் இருவர். அவர்களுட் பெரியவள் மலையாளப் பள்ளியில் வகுப்பில் முதலாவதாம், தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. இஸ்திரி போடுபவர் வீட்டில் ஒருவன். அடுத்த முற்றத்திற் பந்தாடிக்கொண்டிருந்தவர் மூவர். ஆகப் பதினொருவர், ஒரே சந்தில். ஒருவரேனும் நம் வகுப்பிற்கு வந்ததில்லை. பூத்தொடுக்கும் அம்மாளிடம், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டோம். ‘அது சங்கத்து ஆளுகளுக்குல்ல, ஐயா? ஒருதடவை கேட்டேன், சந்தா கட்டினவங்க பிள்ளைகளுக்குத்தான்னு சொல்லிட்டாங்க’ என்றார்.

அவர் சொன்னது சரி. வகுப்பு விதிகளில் மூன்றாவது விதி அது: உறுப்பினர் இல்லத்துப் பிள்ளைகள் மட்டுமே சேர்க்கப்படுவர். கூடம் நிறைந்து திண்ணையும் நிறைந்த காலத்தில், இட நெருக்கடிக்காக எழுதிய விதி. அதை எழுதிய குழுவிலும் நாம் இருந்தோம். கூட்டம் குறைந்தது, விதி குறையவில்லை. நாம் எண்ணிக்கொண்டிருந்தது பிள்ளைகளை அன்று, இரசீதுகளை.

வரும் முதற் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செயற்குழு கூடுகிறது. மூன்றாம் விதியை நீக்கவேண்டும் என்ற தீர்மானத்தை நாம் கொடுத்திருக்கிறோம்; வழிமொழிய ஒருவர் தேவை. கரமனை அம்மையார் உறுப்பினர் என்ற முறையில் வந்து வழிமொழிந்தால் மகிழ்வோம். செலவைப் பற்றிக் கேட்பார்கள்: பலகை இருக்கிறது, பாய் இருக்கிறது, பாடநூல்கள் நாகர்கோயிலிலிருந்து வரவழைக்கலாம், ஆசிரியை ஊதியம் கூட்டிக் கேட்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தையற்காரர் மகளைத் தாமே அழைத்துவருவதாக ஆசிரியை கூறியிருக்கிறார். மற்றவர்களும் வந்து கூடத்தில் இடம் போதாமற் போனால், திண்ணை காலியாகத்தான் கிடக்கிறது.